மயிலாத்தாள் மனப்பாடம் செய்த பதில்

கோவிந்தாபுரம் சென்னிமலையின் மூத்த மகள் மயிலாத்தாளுக்கு 1971 ஜூன் கடைசியில் மெடிக்கல் காலேஜ் இன்டர்வியூ கார்டு வந்தது. வீடு கேரளத்தில் இருந்தாலும் தோட்டத்தில் பாதி எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். பள்ளிக்கூடத்திலிருந்து பி.யு.சி. வரை அவள் படித்ததும் பொள்ளாச்சியிலும் கோயமுத்தூரிலும்தான். அதையெல்லாம் காட்டி, தாலுகா ஆபீசுக்கு நாலைந்து தடவை நடந்து, மகள் தமிழ்நாட்டுக்காரிதான் என்று சென்னிமலை சர்டிபிகேட் வாங்கி வைத்திருந்தார். மார்க் நன்றாகவே இருந்தது. ஆனால் சீட்டு நிச்சயம் என்று சொல்லுகிற மார்க் இல்லை. இன்டர்வியூவுக்குத் தனி மார்க் உண்டு, அதில் ஏறினால்தான் ஆயிற்று என்று ஹாஸ்டல் வார்டன் சொல்லியிருந்தார். கையில் பதினெட்டு நாள் இருந்தது.

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிப் பாலக்காட்டுக் கல்பாத்திக்குப் போனாள். ஹாஸ்டலில் அவளோடு ஒரே அறையில் இருந்த ராமலட்சுமியின் வீடு அங்கே. ராமலட்சுமி கணக்குப் பாடம் எடுத்துப் படித்தவள். அவளுடைய அப்பா பம்பாயில் வேலை பார்த்துத் திரும்பியவர் என்பதால் இங்கிலீஷ் அவளுக்கு வீட்டுப் பேச்சு மாதிரி வரும். அன்று முழுக்க இருவரும் மாடி அறையில் உட்கார்ந்து, கேட்கக்கூடிய கேள்விகளை எழுதி ஒவ்வொன்றுக்கும் பதில் தயார் செய்தார்கள். தவளையின் இதயம், மலேரியாக் கொசு எல்லாம் மயிலாத்தாளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எதற்காக டாக்டராக வேண்டும் என்ற கேள்வியில்தான் நின்றுவிட்டாள்.

"ஏழை ஜனங்களுக்குச் சேவை பண்ணணும்னு சொல்றேன்."

"அதை எல்லாரும் பறைவாடி," என்று பாலக்காட்டுப் பேச்சில் சொன்னாள் ராமலட்சுமி. "உனக்குன்னு ஒண்ணு இல்லியோ?"

ஹாஸ்டலில் ஒரு வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவளிடம் ஒருநாளும் சொல்லாததை மயிலாத்தாள் அப்போது சொன்னாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம். அம்மா கருப்பாத்தாள் தன் தம்பியின் கல்யாண வேலைக்கு ஆனைமலைக்குப் போயிருந்தாள். அப்பா சந்தைக்குப் போயிருந்தார். தங்கை முத்தாத்தாளுக்கு அப்போது ஆறு வயது. ராத்திரி காய்ச்சல் அடித்து, விடியும்போது கழுத்து வீங்கி, மூச்சு இழுத்தது. தோட்டத்து ஆள் நல்லதம்பி வண்டி கட்டி இரண்டு பெண்களையும் நாலு மைல் தள்ளியிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டாக்டர் வெளியூர் போயிருந்தார், மத்தியானம் வருவார் என்றார்கள். தாய்க்குத் தகவல் சொல்ல நல்லதம்பி பஸ் ஏறினான். பன்னிரண்டு வயது மயிலாத்தாள் தங்கையை மடியில் போட்டுக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிரேதான் பஸ் நிற்கிற இடம். குழந்தைக்குக் குரல் எழும்பவில்லை. அம்மா எங்கே என்று உதடுதான் கேட்டது. இந்தப் பஸ்ஸில் வருவாள் என்றாள் மயிலாத்தாள். ஒவ்வொரு பஸ் வரும்போதும் குழந்தை தலையைத் தூக்கிப் பார்த்தது. மூன்று பஸ் வந்தது. நாலாவது பஸ்ஸுக்குத் தலை தூக்கவில்லை.

ராமலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பேனாவை எடுத்தாள். சாயங்காலத்துக்குள் அந்த நாள் இங்கிலீஷில் பதினோரு வரியாகிவிட்டது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தாள். நல்ல மனதோடுதான் செய்தாள்.

ஊருக்கு வந்து மயிலாத்தாள் அந்தப் பதினோரு வரியையும் கிணற்று மோட்டார் அறையில் நின்று சொல்லிப் பழகினாள். முதல் இரண்டு நாள் பாதியில் அழுது நிறுத்திவிட்டாள். இப்படி அழுதால் அங்கே எப்படிச் சொல்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள். நாலாம் நாள் அழுகை வரவில்லை. ஒரு வாரத்தில் நாக்கு தானாக ஓடியது.

அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் கருப்பாத்தாள் விதைக்கடலை உரித்துக்கொண்டிருப்பாள். மகள் படிப்பதைக் கேட்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, மயிலாத்தாள் வெளியே வந்தபோது அவள் முறத்தைக் கீழே வைத்திருந்தாள்.

"ஏங்கண்ணு, இங்கிலீசுப் பாடத்துல நம்ம முத்து பேரு எதுக்கு வருது?"

மயிலாத்தாள் சட்டென்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். தங்கச்சி காய்ச்சலில் போனாள், அதனால் டாக்டராக வேண்டும் என்று சொல்லப்போகிறேன், அவ்வளவுதான் என்றாள்.

"மதர் மதர்ங்கறியே. மதர்னா நான்தானே. நான் அன்னைக்கு அங்க இல்லியே சாமி."

முத்து செத்த அன்றைக்குக் கருப்பாத்தாள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்து மகளிடம் கேட்ட முதல் கேள்வி, குழந்தை சிரமப்பட்டதா என்பது. இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று மயிலாத்தாள் சொல்லியிருந்தாள். பன்னிரண்டு வயதில் அவளுக்கு வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கருப்பாத்தாள் ஐந்து வருஷமாக எழுந்து நடமாடினாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், தூங்கினபடியே போயிட்டா, ஒண்ணும் தெரியல அவளுக்கு என்று அவள் சொல்லாத நாள் இல்லை.

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் தாய் முகத்தைப் பார்த்தபோது முடியவில்லை. தமிழில் சொன்னாள். பெஞ்சைச் சொன்னாள், உதடு அசைந்ததைச் சொன்னாள், மூன்று பஸ்ஸையும் சொன்னாள். தமிழில் அது பதினோரு வரிக்குள் நிற்கவில்லை.

கருப்பாத்தாள் அழவில்லை. கடலைத் தொலியை ஒதுக்கி, பருப்பைக் கூடையில் போட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்றும் மறுநாளும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சென்னிமலை என்ன ஏது என்று கேட்டுப் பார்த்து ஓய்ந்தார். அந்தப் பதிலையே விட்டுவிடலாமா என்று மயிலாத்தாள் யோசித்தாள். மூன்றாம் நாள் தலை வாரிவிடும்போது தாயே பேச்செடுத்தாள்.

"அதைச் சொன்னா சீட்டுக் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கன்னு நிச்சயமில்லம்மா. ஆனாக் கேப்பாங்க."

"அப்பச் சொல்லு. அவ பட்டது அதுக்காச்சும் ஆவட்டும்."

இன்டர்வியூ கோயமுத்தூரில். அப்பாவும் மகளும் விடியற்காலைப் பஸ்ஸில் போனார்கள். வராந்தாவில் நாற்பது ஐம்பது பேர் காத்திருந்தார்கள். சிலர் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நீள மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர். கோவிந்தாபுரம் கேரளா இல்லையா என்று ஒருவர் கேட்டு, சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்றார் இன்னொருவர். சொன்னாள். பிறகு நடுவில் இருந்த பெரியவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எதற்காக டாக்டராக வேண்டும் என்று கேட்டார்.

மயிலாத்தாள் ஆரம்பித்தாள். எங்கும் தடுக்கவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். குரல் தாழவேண்டிய இடத்தில் தாழ்ந்தது. ஏழாவது வரியிலோ எட்டாவது வரியிலோ, மேஜையின் ஓரத்தில் இருந்தவர் பக்கத்திலிருந்தவர் பக்கம் சாய்ந்து தமிழில் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"காலையிலிருந்து இது நாலாவது தங்கச்சி."

பக்கத்திலிருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நாக்கு மிச்ச வரிகளையும் சொல்லி முடித்துவிட்டது. பெரியவர் தயவாகவே கேட்டார், இதை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று. நிஜம் சார் என்று மட்டும் சொன்னாள். சரி, போகலாம் என்றார்.

வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினாள். அந்த மனிதர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. காலையிலிருந்து உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு எது நிஜம் என்று எப்படித் தெரியும்? உள்ளே ஒரு சொட்டுக் கண்ணீர் வந்திருந்தால் நம்பியிருப்பார்கள். அது வராதபடி நாள்கணக்காகப் பாடுபட்டவள் அவளேதான். போகட்டும் என்றால், போனது சீட்டு மட்டும் இல்லை. மடியில் கிடந்த குழந்தையை இனி அவளால் அந்தப் பதினோரு வரி இல்லாமல் நினைக்கவே முடியவில்லை.

வீட்டு வாசலில் கருப்பாத்தாள் நின்றிருந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னம்மா."

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ஒரு பெரியவரு கண்ணாடியக் கழட்டிக் கண்ணத் தொடச்சாரு."

கருப்பாத்தாள் தலையை ஆட்டினாள். அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு தட்டில் சோறு போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஆகஸ்டில் லிஸ்ட் வந்தது. அதில் மயிலாத்தாள் பெயர் இல்லை. எத்தனை மார்க்கில் போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. சென்னிமலை பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். கருப்பாத்தாள் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அழுதாங்கன்னியே கண்ணு. அழுதுபோட்டுமா இல்லைன்னாங்க?"

என்ன சொன்னாலும் தாய்க்கு இன்னொரு அடியாகத்தான் விழும்.

அடுத்த வருஷம் மறுபடி அப்ளிகேஷன் போடு என்று ராமலட்சுமி இரண்டு கடிதம் எழுதினாள். மயிலாத்தாள் போடவில்லை. தை பிறந்ததும் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு பஞ்சு வியாபாரிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மோசமான மனிதர் இல்லை. மேலே படிக்காதது ஏன் என்று யாராவது கேட்டால், மார்க் பத்தலை என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். கருப்பாத்தாள் அதற்குப் பிறகு உயிரோடு இருந்த நாலு வருஷமும் முத்தாத்தாள் பெயரை வாயில் எடுக்கவில்லை. துக்கம் கேட்டு வந்த பழைய ஆட்கள் பேச்செடுத்தாலும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

எழுபத்தெட்டில் தன் மகனுக்குக் காய்ச்சல் என்று மயிலாத்தாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே இருந்த டாக்டர் ஓர் இளம்பெண். அவள் வயதுதான் இருக்கும். குழந்தையின் தொண்டையை விளக்கடித்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றாள். மயிலாத்தாள் அடக்க முடியாமல் கேட்டாள்.

"நீங்க எந்த வருசம் காலேஜுல சேர்ந்தீங்க?"

"எழுபத்தொண்ணு."

"இன்டர்வியூவுல என்ன கேட்டாங்க?"

டாக்டர் எழுதிக்கொண்டே யோசித்தாள். "ஞாபகம் இல்லீங்க. அப்பா என்ன செய்யறாருன்னு கேட்டாங்க, அப்புறம் தவளை பத்தி ஏதோ. ரெண்டே நிமிஷம்தான்."

மயிலாத்தாள் சீட்டை வாங்கிக்கொண்டு, பையனை இடுப்பில் ஏற்றி, மருந்து கொடுக்கிற இடத்து வரிசையில் போய் நின்றாள்.