ஏரியில் மூழ்கிய டிராக்டரும் மூன்று காற்றுப் பைகளும்

"சனிக்கிழமை. காலை 10.40, இரண்டு பைகளும் நிரம்பின. வண்டி அசையவில்லை. 10.52, தவறு என்னுடையது." மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய என் நாட்குறிப்பில், ஐப்பசி மாதப் பக்கம் ஒன்றில் இப்படி எழுதியிருக்கிறேன்.

ஆரணியில் பட்டுத்தறி வைத்திருக்கிறேன். மழை பெய்த அளவு, ஏரி நிரம்பிய நாள் என்று எதையும் தேதியோடு எழுதி வைப்பது என் பழக்கம். அந்த வாரம், சேத்துப்பட்டு போகும் வழியில் உள்ள ஓர் ஏரியில் என் பள்ளித் தோழனின் டிராக்டர் விழுந்துவிட்டது. மழையில் ஊறிய கரை ஓரம் சரிந்ததில் அவன் குதித்துத் தப்பினான். வண்டி, முன்பு மண்ணெடுத்த பள்ளத்தில், பதினைந்து அடித் தண்ணீருக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த ஒரு வண்டிதான் அவன் பிழைப்பு. தன் நிலத்தோடு பக்கத்து நிலங்களுக்கும் அவன்தான் சேறு ஓட்டித் தரவேண்டும். நாற்றோ முற்றிக்கொண்டிருந்தது. கிரேன் கொண்டுவர ஊரார் சம்மதிக்கவில்லை. அந்தப் பாரத்தை ஈரக் கரை தாங்காது, உடைந்தால் கீழே உள்ள வயலெல்லாம் போய்விடும் என்றார்கள். அதில் நியாயம் இருந்தது.

துறைமுகங்களில் மூழ்கிய படகுகளைக் காற்றுப் பைகள் கட்டி மிதக்க வைப்பதைப் பற்றி ஒரு பழைய பத்திரிகையில் படித்திருந்தேன். போளூர்க்காரர் ஒருவர், எங்களிடம் சேலை எடுப்பவர், சென்னைத் துறைமுகத்தில் அந்த வேலைதான் செய்கிறார். அவரிடம் பேசினேன். எடை எவ்வளவு என்று கேட்டார். டிராக்டரோடு வந்த கையேட்டைப் பார்த்துச் சொன்னேன். ஒரு டன் தூக்கும் பைகள் இரண்டு போதும் என்று என் கணக்கு. அவர் முதலாளியிடம் இரவல் கேட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாகக் கொண்டுவந்தார்.

காற்றடிக்க ஆரணி பஞ்சர் கடையிலிருந்து கம்ப்ரசர் வந்தது. கரையில் வால்வைத் திறந்து மூடும் வேலை எனக்கு. நீருக்குள் மூழ்கி வேலை செய்யும் அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை என் கையில்; அதை அவர் இரண்டு முறை இழுத்தால் காற்று விடவேண்டும், ஒரு முறை இழுத்தால் நிறுத்தவேண்டும். பைகளை வண்டியில் கட்டி, முதல் இரண்டையும் நிரப்பினோம். தண்ணீரில் ஓர் அசைவும் இல்லை.

பன்னிரண்டு நிமிடம் பொறுத்தேன். கயிறும் அசையவில்லை. கணக்குப்படி வண்டி எப்போதோ கிளம்பியிருக்க வேண்டும், கயிறு எங்கேயோ சிக்கியிருக்கிறது, அதனால்தான் சைகை வரவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். தறியில் ஓர் இழை அறுந்தாலும் நிறுத்திப் பார்க்கிறவன், அன்று நிறுத்திப் பார்க்கவில்லை. மூன்றாவது பையின் வால்வைத் திறந்தேன்.

கயிறு ஒரே முறை, கையே கழன்றுவிடும்போல வெட்டி இழுத்தது. உடனே மூடிவிட்டேன். சற்று நேரத்தில் அவர் மேலே வந்து, வாயிலிருந்த மூச்சுக் குழாயை எடுத்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"நான் ரெண்டு தபா இழுத்தேனா சார்?"

"இல்லைங்க."

"அப்புறம் யாரு காத்து கேட்டது?"

நான் எடைக் கணக்கு எழுதிய நோட்டை நீட்டினேன். அதைவிட அசட்டுத்தனமான பதில் இருந்திருக்க முடியாது.

"உங்க கணக்கு சரியாவே இருக்கட்டும். சேறு அத்த படிக்கலியே. புடிச்சிகினு கீற சேறு சட்டுனு வுட்டுச்சின்னா, வண்டி பந்தாட்டம் மேல வரும். நான் அதுக்கு நேர் மேல இருந்தேன்." பிறகு என் தோழனைப் பார்த்து, "பின்னாடி கேஜ் வீல் மாட்டிக் கீது. அச்சு வரிக்கும் பொதைஞ்சிருக்கு. ஏன்ணே யாருமே சொல்லல?" என்றார்.

கேஜ் வீல் என்பது சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம். நல்ல கனம். கையேட்டில் உள்ள எடையில் அது சேராது. வயல் வேலை தெரிந்த எவரும் முதலில் கேட்டிருப்பார்கள். நான் வண்டி விழுந்த நேரத்தை நிமிடக் கணக்கில் குறித்தேன், எந்தச் சக்கரத்தோடு விழுந்தது என்று கேட்கவில்லை.

தோழன் தலை குனிந்தான். "அத்த மாட்டிகினு தார் ரோட்டுல போனா ஃபைன் போடுவாங்கப்பா. அதான் கரை மேல ஓட்டினேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவர்கள் கிறிஸ்தவக் குடும்பம். பக்கத்தில் நின்ற அவன் மனைவி, "மனுசன் பாவத்த மறைச்சாரு, ஞானஸ்நானம் டிராக்டருக்கு ஆச்சு" என்றார். மூன்று நாளாகச் சிரிக்காதிருந்த கரை முழுவதும் சிரித்தது. தோழனும் சிரித்துவிட்டான்.

அதன் பிறகு போளூர்க்காரர் சொன்னபடி நடந்தது. மூன்றாவது பையைப் பின் அச்சுக்கு மாற்றிக் கட்டிவிட்டு, தண்ணீரைவிட்டு ஏறிவந்தார். என்னிடமே வால்வைக் கொடுத்தார். கொஞ்சம் காற்று, பிறகு காத்திருப்பு. மறுபடி கொஞ்சம். "ஜல்தி வேணாம் சார், சேறே வுடட்டும்" என்றார். முக்கால் மணி நேரம் கழித்துக் கலங்கல் தண்ணீர் கொப்பளித்தது. மஞ்சள் பைகள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல் தலை காட்டின. அவற்றின் அடியில் தொங்கிய டிராக்டரைக் கயிறு கட்டி எதிர்ப்புறச் சரிவுக்கு இழுத்துப்போனோம். அங்கே கெட்டித் தரையில் நின்ற ஜேசிபி அதைக் கரையேற்றியது. கரை ஒரு கூடை மண்கூட இழக்கவில்லை.

என்ஜினைப் பிரித்துக் கழுவி மாட்ட ஐந்து நாள் ஆனது. ஆறாம் நாள் சேறு ஓட்டினான். நாற்று சற்று முற்றியிருந்தாலும் நட்டார்கள், விளைந்தது.

நீருக்கு அடியில் இருப்பவருக்குத் தெரிந்தது கரையில் நிற்பவனுக்குத் தெரியாது என்பதை, ஓர் உயிரைப் பணயம் வைத்த பிறகே கற்றேன். இப்போதெல்லாம் எதையும் எழுதுவதற்கு முன், அதைக் கையால் தொட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் காற்றுப் பையால் தூக்கப்பட்ட முதல் டிராக்டர் அதுதான் என்று ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கும் அப்படியே இருக்கவேண்டும் என்று ஆசைதான், ஆனால் அதை நான் இன்னும் உறுதி செய்துகொள்ளவில்லை.