சரியான ஆங்கிலம்

அடி வாங்கியவளும் சண்டைக்காரிதானா? சுகாசினிக்கு இந்தக் கேள்வி நாற்பது வயதுக்கு மேல் வந்தது, அதுவும் தான் தட்டச்சு செய்த ஒரு வரியால்.

காஞ்சிபுரம் கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே மனு எழுதிக் கொடுப்பது அவள் தொழில். ஆங்கிலத்தில் பிழை வராது. அதற்குமேல் அவளைப் புகழ அன்று காரணம் இல்லை.

பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் தறியில் ஏற்றும் முன் பட்டு நூல்களைப் பாவாகத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவார்கள். அதை எடுக்கும்வரை வண்டிகள் காத்திருக்கும். யாரும் எழுதிவைக்காத சட்டம். நெசவுக்காரி எல்லம்மாளின் எதிர்வீட்டு இளவரசன் காத்திருக்கவில்லை. அவள் கட்டியிருந்த கல்யாணப் புடவைப் பாவின்மேலேயே புதுக் காரை ஓட்டி, மொத்தத்தையும் அறுத்துவிட்டான்.

எல்லம்மாளுக்காக எழுதிய மனுவில், இரு குடும்பங்களும் 'அட் லாகர்ஹெட்ஸ்' என்று சுகாசினி எழுதினாள். விட்டுக்கொடுக்காமல் இரண்டு பேரும் மோதி நிற்பது என்று பொருள். செய்தித்தாளில் படித்து ஆசையாகச் சேர்த்துவைத்திருந்த தொடர்.

அதிகாரி அந்த வரியையே பிடித்துக்கொண்டார். இரு தரப்பும் தகராறு செய்வதால், சமாதானமாகும்வரை தெருவில் பாவு கட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது.

எல்லம்மாள் அதைச் சுகாசினியின் மேசைமேல் எறிந்தாள்.

"நான் எங்கமா சண்ட போட்டேன்? பாவ புடிச்சிக்கினு நின்னேன். அறுத்துக்கினு போனவன் அவன். ஒருத்தன்தான் செஞ்சான்னு எழுத உன் இங்கிலீசுல வார்த்த இல்லியா?"

சுகாசினிக்கு முதலில் அவள்மேல்தான் கோபம் வந்தது. மதியம் இளவரசன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"சூப்பரா எழுதிக்கீறீங்க மேடம். எங்க வக்கீலுக்கே இந்த மாதிரி வராது. நமக்கும் ஒரு கார்டு குடுங்க."

அப்போதுதான் சுகாசினிக்கு உறைத்தது. அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரே தட்டில் வைப்பதை நடுநிலை என்கிறார்கள். அது அடித்தவன் பக்கம் நிற்பதுதான். பிழையே இல்லாத வரியிலும் அந்த அநியாயம் வசதியாக உட்கார்ந்துகொள்ளும்.

நடந்ததை நடந்தபடி மறு மனுவாக எழுதினாள். "முதல்ல நீங்களேதானே ரெண்டு தரப்புன்னீங்க?" என்று அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கல்யாண வீடு காத்திருக்காது. உத்தரவு இருந்தால் இருக்கட்டும், காலையில் பாவு கட்டத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள் எல்லம்மாள்.

விடிந்ததும் இளவரசன் காரை வெளியே எடுத்தான். வாசலில் குறுக்கே சுகாசினியின் ஸ்கூட்டி நின்றது.

"இன்னா மேடம், உங்களுக்கும் எனக்கும் இன்னா தகராறு?"

அவள் ஸ்கூட்டிச் சாவியை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். போய், எல்லம்மாள் கட்டிக்கொண்டிருந்த பாவின் ஒரு முனையைப் பிடித்தாள்.