மேலே போகும் கத்தி

தம்பி மரம் ஏறுவதற்கு முன்னால் அக்கா அவன் இடுப்பைத் தடவிப் பார்ப்பாள். பதினோரு வருஷம் இது ஒரு நாள்கூடத் தவறாமல் நடந்தது. முதலில் வலது பக்கம், அப்புறம் இடது பக்கம், கடைசியில் குனிந்து இரண்டு பூட்ஸுக்குள்ளும் ஒரு விரல். அவன் கைகளைத் தூக்கிக்கொண்டு, பிடிபட்ட திருடனைப்போல முகத்தை வைத்துக்கொண்டு நிற்பான்.

"கூச்சமா இருக்குக்கா. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"மேல போறவனுக்குக் கூச்சம் எதுக்கு?"

அதற்கு மேல் அவள் பேச மாட்டாள். பேச்சில் அவளுக்கு எப்போதும் சிக்கனம்தான். கத்தி இல்லை என்று விரல்களுக்கு உறுதியான பிறகு தலையை ஒரு ஆட்டு ஆட்டுவாள். அவன் ஏறுவான்.

கூரைக்கும் மின்கம்பிக்கும் நடுவே, சாய்க்க இடமில்லாமல் நிற்கிற மரங்களைத் துண்டு துண்டாக இறக்குவது இவர்கள் தொழில். ஆட்கள் மூன்றே பேர். தம்பி மேலே. அக்கா கீழே, கயிற்றோடு. அக்காவின் கணவர் லாரி ஓட்டுவார், இறங்கியதை அறுப்பார், ஏற்றுவார். வேலை கொடுத்தவர்களிடம் பேச வேண்டிய பேச்சையெல்லாம் மூன்று பேருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

கயிறு இரண்டு. நீலம் ஆள் கயிறு. அதில்தான் தம்பி தொங்குவான். வெள்ளை கிளைக் கயிறு. அறுக்கப்போகும் கிளையை அதில் கட்டி, மேலே ஒரு கவட்டையில் போட்டு, மறுமுனையை மரத்தடியில் இறுக்கிய இரும்பு உருளையில் மூன்று சுற்றுச் சுற்றியிருப்பார்கள். அந்தச் சுற்றைத் தளர்த்தித் தளர்த்தி, நாலு பேர் தூக்க முடியாத கிளையை அக்கா ஒற்றை ஆளாகத் தரைக்குக் கொண்டுவந்துவிடுவாள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் பதினைந்து வருஷம் ஈரப் போர்வைகளைப் பிழிந்த கைகள் அவை.

துணியை விட்டுக் கயிற்றுக்கு வந்த மூன்றாவது மாதம் அவள் ஒன்றைப் பார்த்தாள். அப்போது மேலே ஏறியது தம்பி இல்லை, நெட்டை என்று எல்லாரும் கூப்பிட்ட ஒருவன். அவன் இடுப்பில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். மரத்து உச்சியில் உட்கார்ந்து ஆப்பிள் சீவித் தின்பான். அன்றைக்கு ஒரு கொடி அவனுடைய கயிற்றைச் சுற்றிக்கொண்டது. தொங்கியபடியே கத்தியை விரித்துக் கொடியை வெட்டினான். கத்தி கொடியைத் தாண்டி அவன் கயிற்றைத் தொட்டது. தொட்டது மட்டும்தான். சட்டைப் பொத்தான் தெறிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நெட்டை பிழைத்துக்கொண்டான், ஆனால் எழுந்து நடக்கவில்லை. அவன் மனைவி அவனைத் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அக்காவின் மனதில் தங்கியது அந்தக் கயிற்றின் முனை. தேய்ந்து அறுந்த கயிறு என்றால் முனை பிய்ந்து போயிருக்கும். இது நூலால் அறுத்த சோப்பைப் போல மழமழவென்று இருந்தது.

நெட்டையின் இடத்துக்குத் தம்பி வந்த முதல் நாளே கத்தி பெட்டிக்குள் போய்விட்டது. மேலே தேவைப்பட்டால் அவன் குரல் கொடுக்க வேண்டும். துணிப்பையில் போட்டு, சாமான் ஏற்றுகிற மெல்லிய கயிற்றில் அவள் கட்டிவிடுவாள். வேலை முடிந்ததும் பை கீழே வந்துவிட வேண்டும்.

"ரம்பத்த மட்டும் குடுத்து அனுப்புறியே, அது என்ன மயிலிறகா?" என்று கணவர் ஒரு தடவை கேட்டார்.

"ரம்பத்த நாலு இழுப்பு இழுக்கணும். அதுக்குள்ள புத்தி வந்துடும். கத்திக்கு அவ்வளவு நேரம் வேண்டாம்." அந்த வருஷம் அவள் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான் என்று அவர் பல பேரிடம் சொல்லிச் சிரித்தார்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால், ஒரு கிளினிக்கின் பின்னால் ஒரு பெரிய தைல மரத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கணவர் முதல் லோடைக் கொட்டப் போயிருந்தார். தம்பி ஒரு கனத்த கிளையை அறுத்துவிட்டான். காற்று அடித்ததோ, முடிச்சு ஓரமாக விழுந்ததோ, கிளை நேராகத் தொங்காமல் மரத்தைச் சுற்றிக்கொண்டு போனது. கூடவே போன வெள்ளைக் கயிறு தம்பியின் கெண்டைக்காலை மரத்தோடு சேர்த்து இறுக்கிவிட்டது. கிளையின் கனம் முழுவதும் அந்தக் காலின் மேல்.

அக்கா ஒரு சாண் தளர்த்தினாள். கயிறு காலைத் தேய்த்துக்கொண்டு ஓடியது. அவன் போட்ட சத்தத்தில் கிளினிக் ஜன்னல்கள் திறந்தன. கிளை தரைக்கு வர இன்னும் முப்பது அடி இருந்தது. அத்தனை கயிறும் காலின் மேல் ஓடினால் எலும்புதான் மிஞ்சும். கைரம்பம் அதே காலில், அதே கயிற்றுக்கு அடியில், உறையோடு மாட்டிக்கொண்டிருந்தது. மெஷின் ரம்பம் அவனுக்குக் கீழே வாரில் எட்டாமல் ஆடியது.

"கத்தி! அக்கா, கத்தி!"

உருளையில் கயிற்றை முடிச்சுப் போட்டாள். பெட்டியைத் திறந்தாள். பையைக் கட்டினாள். அவன் மேலேயிருந்து இழுத்தான். பை இலைகளுக்குள் ஒரு தடவை சிக்கியது, கீழே இறக்கி மறுபடி ஏற்றினார்கள். இரண்டாவது தடவையும் சிக்கியது. கிளினிக் சுவரில் இருந்த கடிகாரம் திறந்த ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கத்தி அவன் கைக்குப் போய்ச் சேர ஆறு நிமிஷம் ஆனது. அவன் குனிந்து அறுத்தான். கிளை வேலியின் மேல் விழுந்தது.

அன்று சாயந்திரம் தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தான். அக்கா வீட்டுக்கு வந்து, வேலை முடிந்த எல்லா நாளும் செய்வதுபோலக் கயிறுகளை விரலுக்கு இடையில் விட்டு அடி அடியாக உருவிப் பார்த்தாள். நீலக் கயிற்றில், முடிச்சுக்கு ஒரு கை உயரத்தில், விரல் நின்றது. மேலுறை ஒரு நகத்தின் அகலத்துக்கு வெட்டுப்பட்டிருந்தது. உள்ளே வெள்ளை இழைகள் தெரிந்தன. வெட்டின் ஓரம் மழமழவென்று இருந்தது.

அன்று கத்தி மேலே போனது ஒரே தடவைதான். தம்பி முதலில் எந்தக் கயிற்றில் கத்தியை வைத்தான் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவள் அந்தக் கயிற்றைச் சுருட்டிச் சாக்கில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பழசாகிவிட்டது, புதுசு வாங்குங்கள் என்று கணவரிடம் சொன்னாள். மேலே ஏறுகிறவனிடம் இதைச் சொன்னால் அவன் கால் தரையை விட்டுக் கிளம்பாது. அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

மூன்று மாதத்தில் கால் தேறியது. இரண்டு கால்விரல்களில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. ஒரு நாள் காலை, டீ குடித்துக்கொண்டிருந்தபோது தம்பி சொன்னான்:

"இனிமே ஏறினா இடுப்புல கத்தியோடதான்க்கா ஏறுவேன்."

"அப்ப கயிறு பிடிக்க வேற ஆளப் பாத்துக்க."

"ஆறு நிமிஷம்! இடுப்புல இருந்திருந்தா அரை நிமிஷம். இந்த ரெண்டு விரலும் எனக்கு இருந்திருக்கும்."

"நெட்டைக்கும் இடுப்புலதான் இருந்துச்சு."

"நெட்டை ஆப்பிள் தின்ன மரம் ஏறினவன். என்ன அவனோட சேக்காத. ஸ்டேஷன் பக்கத்துல மரம் இறக்கற ஆளுங்க என்னக் கூப்பிடறாங்க. அவங்க அத்தன பேரும் கத்தி வச்சிருக்காங்க."

"வச்சிருக்கட்டும். அங்க கீழ யாரு நிக்கறா?"

தம்பி சட்டைப் பையிலிருந்து ஃபோன் நம்பர் எழுதிய ஒரு சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். விளையாட்டுப் பேச்சு இல்லை என்று அக்காவுக்குத் தெரிந்தது. வேறு ஒருத்தரின் கயிற்றில் இவன் தொங்கப் போகிறான்.

"நல்லது. அவன் அங்க போகட்டும், நீ வீட்டுல இரு, நான் லாரில தக்காளி ஏத்தறேன்" என்றார் கணவர். யாரும் சிரிக்கவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்த சாக்கை இழுத்து வைத்தால் அந்த நிமிஷமே அவள் ஜெயித்துவிடலாம். அவள் டீ கிளாஸ்களைக் கழுவப் போனாள்.

"நீ ஒரு தடவையாவது தொங்கிப் பாத்திருக்கியா?" தம்பி பின்னாலிருந்து கேட்டான். "பதினோரு வருஷமா கீழ நின்னு சட்டம் பேசற."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "கட்டு" என்றாள்.

லாரி நிறுத்துகிற கொட்டகையில் ஒரு கனத்த உத்தரம் இருந்தது. அவள் கணவரின் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். கால் பக்கம் இரண்டு மடிப்பு மடித்திருந்தாள். தம்பி அவளுக்குப் பெல்ட்டை மாட்டிப் புதிய நீலக் கயிற்றில் தூக்கினான். பாதம் தரையிலிருந்து இரண்டடி உயரம். பிறகு அவள் கெண்டைக்காலை ஒரு தூணோடு சேர்த்து வெள்ளைக் கயிற்றால் சுற்றினான். அதன் முனையில் விறகு மூட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டான்.

"கனம் போதுமா மாப்ள? இன்னொரு மூட்டை இருக்கு" என்றார் கணவர்.

"சும்மா இருங்க மாமா."

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கால் கனத்தது. பிறகு கால் மட்டும்தான் இருந்தது. கொட்டகையும் உத்தரமும் எங்கோ போய்விட்டன. பெல்ட் தொடையை அறுத்தது. உடம்பு தானாகச் சுழன்றது. எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"கத்தி குடு" என்றாள்.

கணவர் தன் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து நீட்டினார். "இந்தா, இதுதான் கத்தி. அறு."

அக்கா சீப்பை வாங்கினாள். முகத்துக்கு நேரே விறைத்துக்கொண்டு நின்ற கயிற்றில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். அடுத்த இழுப்புக்கு முன்னால் கை நின்றது. கயிறு நீலமாக இருந்தது.

"மாப்ள, உங்க அக்கா காலி" என்றார் கணவர். சொன்ன பிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை. மூட்டையைத் தூக்கிப் பிடித்துக் காலை விடுவித்தார்.

இறங்கியதும் அக்கா ஒரு மரத்துண்டின்மேல் உட்கார்ந்தாள். நீலம் எது, வெள்ளை எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவள். கை நிறத்தைப் பார்க்கவில்லை. எது அதிகமாக இறுகியிருந்ததோ, எது முகத்துக்குக் கிட்டே இருந்ததோ, அதைத் தேடிப் போயிருக்கிறது.

அவள் எழுந்து வீட்டுக்குள் போனாள். சாக்கோடு வந்தாள். பழைய நீலக் கயிற்றை எடுத்து, வெட்டுப்பட்ட இடத்தைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தாள்.

அவன் வெட்டின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தான்.

"இது அன்னிக்குப் பட்டதா?"

"ம்."

"சத்தியமா எனக்கு ஞாபகமே இல்லக்கா. நேரா குனிஞ்சு வெள்ளைய அறுத்தேன்னுதான் நெனைச்சிட்டிருக்கேன். எப்ப பாத்த?"

"அன்னிக்கு சாயந்திரம்."

"மூணு மாசமா சொல்லல?"

"சொன்னா நீ ஏறுவியா?"

அவன் கயிற்றைச் சாக்கின்மேல் வைத்தான். அக்காவே மறுபடி பேசினாள். "கீழ இருக்கற கத்தி உதவாது. அது சரிதான். கயித்துல மாட்டின கால இன்னொரு நிமிஷம் என்னால தாங்கியிருக்க முடியாது. ஆனா உன் கையையும் நம்ப முடியாது, என் கையையும் நம்ப முடியாது."

"என் கை?" என்றார் கணவர்.

"உங்க கைதான் சீப்பு குடுத்துச்சு."

இந்த முறை தம்பி சிரித்தான். ஃபோன் நம்பர் எழுதிய சீட்டு இரண்டு நாள் மேஜைமேலேயே கிடந்தது. மூன்றாம் நாள் அதன் பின்பக்கத்தில் கணவர் டீசல் கணக்கு எழுதினார்.

கத்தியை அவர்தான் தேடிப் பிடித்தார். விபத்தில் சிக்கிய கார்களில் சீட் பெல்ட் அறுக்க வைத்திருக்கிற மாதிரி, கொக்கி போல வளைந்த ஒன்று. கூர் வளைவுக்கு உள்ளே இருக்கும். அதில் கயிறு நுழையும், விரல் நுழையாது. தெரியாமல் பட்டால் கயிறு அறுபடாது. கயிற்றை உள்ளே மாட்டி இழுத்தால்தான் அறுபடும். அதை ஒரு சுருள் வாரில் தம்பியின் பெல்ட்டோடு கட்டினார்கள்.

அக்கா இன்னொன்றும் சேர்த்தாள். கத்தியை எடுப்பதற்கு முன்னால், உள்ளே கம்பி ஓடுகிற வாரை மரத்தைச் சுற்றி அவன் மாட்டிக்கொள்ள வேண்டும். அதைக் கத்தி அறுக்காது. தப்பான கயிற்றை அறுத்தாலும் அந்த வார் அவனைத் தாங்கும். மாட்டிவிட்டு மேலேயிருந்து "கத்தி" என்று குரல் கொடுக்க வேண்டும். கீழேயிருந்து அவள் "கம்பி?" என்று கேட்பாள். "போட்டாச்சு" என்று பதில் வந்த பிறகுதான் கத்தி வெளியே வரலாம். இதைப் பத்து நாள் கொட்டகையில் தொங்கித் தொங்கிப் பழகினார்கள். கணவரும் ஒரு நாள் தொங்கினார். உத்தரம் முனகியது. அவருடைய கையும் முதலில் நீலத்துக்குத்தான் போனது.

இப்போது தம்பி அந்தக் கத்தியோடுதான் ஏறுகிறான். அக்காதான் கயிறு பிடிக்கிறாள். இதுவரை "கத்தி" என்ற குரல் நாலு தடவை வந்திருக்கிறது. மூன்று தடவை கொடிக்காக, ஒரு தடவை சிக்கிக்கொண்ட மெஷின் ரம்பத்தின் வாருக்காக. கால் விரல் இரண்டிலும் உணர்ச்சி வரவில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்டேஷன் பக்கத்து ஆட்கள் இன்னமும் சாதாரண மடக்குக் கத்தியைத்தான் இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுகிறார்கள். அவர்களில் யாருக்கும் இதுவரை ஒன்றும் ஆகவில்லை.