பெயர் சொல்லிச் செய்த ஜெபம்

அவளைக் கிருபாவதி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சித்தூரில் எங்கள் சபையில் யாருக்கு என்ன நோய் என்பது ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெயரைச் சொல்லி, நோயைச் சொல்லி ஜெபிப்பது எங்கள் வழக்கம். பெண்கள் சங்கத் தலைவி ஜெமிமா அக்கா, தனக்குக் கர்ப்பப்பை எடுத்த கதையையே முன்னால் நின்று விவரமாகச் சொன்னவர். சபையே அழுதது. படுக்கையை விட்டு எழும்வரை வீட்டுக்குச் சாப்பாடு போனது. அதில்தான் பிழைத்தேன் என்று இன்றும் சொல்வார். பொய்யில்லை.

கிருபாவதி வேறு மாதிரி. வாசல் கதவை ஒருக்களித்தே வைத்திருப்பாள். கிறிஸ்துமஸ் என்றால் எங்கள் வீடுகளுக்கெல்லாம் அதிரசமும் அச்சுமுறுக்கும் அவள் கையால்தான். தனிக்கட்டை, பலகாரம்தான் பிழைப்பு. புருஷன் எப்படிச் செத்தான் என்று யார் கேட்டாலும், "கர்த்தரு எடுத்துக்கினாரு" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பெயராது.

இருமல் விடாமல் வந்தபோது, உள்ளூர் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று, தங்கையைப் பார்க்கப் போவதாகச் சொல்லித் திருப்பதிக்கு பஸ் ஏறினாள். டி.பி. என்றார்கள். மாத்திரை ஆரம்பித்து, இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொல்லும்வரை, கைவலி என்று சாக்குச் சொல்லிப் பலகார அடுப்பையே பற்றவைக்கவில்லை. அப்படிப்பட்டவள். ஆனாலும் பயம் யாரை விட்டது? ஜெமிமா அக்காவிடம் மட்டும் போய்ச் சொன்னாள்.

"நீங்க மட்டும் ஜெபம் பண்ணுங்கக்கா. வெளில தெரிஞ்சா என் பொழப்பு போய்டும்."

அடுத்த ஞாயிறு ஜெமிமா அக்கா எழுந்தார். சகோதரி கிருபாவதியின் நுரையீரலைத் தொடும் ஆண்டவரே, டி.பி.யிலிருந்து விடுவியும் என்று கண்ணீர் வழிய ஜெபித்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிருபாவதி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஆராதனை முடிந்ததும் அக்காவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். ஒருத்தி ஜெபிப்பதைவிட சபையே ஜெபித்தால் நல்லதுதானே என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். அவருக்கு அப்படித்தானே நடந்தது.

யாரும் கிருபாவதியை ஒரு சொல் சொல்லவில்லை. அந்த வருஷம் எல்லோருக்கும் திடீரென்று சர்க்கரை வந்துவிட்டது, அதிரசம் வேண்டாமாம்.

திருவிருந்தில் திராட்சை ரசம் குடிக்க எங்களுக்கு ஒரே பாத்திரம். வரிசையாக முழங்காலிடுவோம், ஆயர் ஒவ்வொருவர் வாயிலும் வைத்துக்கொண்டே போவார். அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் கிருபாவதிக்கு அடுத்த இடத்தில் யாரும் முழங்காலிடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று போய் அங்கே முழங்காலிட்டு, அவள் குடித்த பாத்திரத்தில் ஒரு வாய் நன்றாகவே குடித்தேன். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"இன்னாத்துக்கு அப்டி பண்ணீங்க செல்விக்கா?" என்றாள். "எல்லாரும் நம்மளயேதான் பாத்துக்கினு இருந்தாங்க."

அதன்பிறகு அவள் சபைக்கு வரவில்லை. அதோடு விட்டார்களா? பெண்கள் சங்கம் பழக்கூடையோடு அவள் தெருவுக்கே போய், வாசலில் பாட்டுப் பாடி ஜெபித்தது. தெருவுக்கே தெரிந்தபின் வீட்டுக்காரர் நாகபூஷணம் மரியாதையாகவே வீட்டைக் காலி செய்யச் சொன்னார். போகும்போது என்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

பலமனேர் பக்கம் ஒரு பால் பண்ணையில் மாடு கழுவப் போனாளாம். அங்கே வேலைக்காரப் பெண்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே அறை. பூட்டி வைக்க ஒரு பெட்டி கிடையாது. மாத்திரையைப் பார்த்துவிட்டால் இங்கிருந்தும் துரத்துவார்கள் என்று பயந்து, விழுங்குவதையே நிறுத்திவிட்டாள். அவளுடைய தங்கை போன் செய்து, நான் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு ஓடியபோதுதான் இதெல்லாம் தெரிந்தது. கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"இந்த வாட்டி சபையில சொல்லிடாதீங்கக்கா" என்றாள்.

சொல்லவில்லை. வாய் திறக்காமல் ஜெபித்தேன். அவள் பிழைக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் ஜெமிமா அக்கா என் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அந்தக் கண்ணீரும் பொய்யில்லை. மண் போட்டு முடிந்ததும் என் கையைப் பிடித்தார்.

"என்னாம்மா ஆச்சி? மறுபடி அதேவா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சபையே ஜெபிச்சிருக்குமே."

"கர்த்தரு எடுத்துக்கினாரு" என்றேன்.