காலிக் கட்டத்துக்கு ஒரு சைபர்

ஆய்வகத்தில் அவளுக்குச் 'சொட்டக்கா' என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருஷமாகச் சொட்டுச் சொட்டாக விடுவதுதான் பிழைப்பு. தட்டில் முந்நூற்றெண்பத்துநான்கு குழி. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் புரதம், அதன் தலையில் ஒரு மருந்து மூலக்கூறு. இரண்டும் ஒட்டுகிறதா, எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று அளந்து கணினியில் ஏற்ற வேண்டும். கை நடுங்காது, வாய்தான் சும்மா இருக்காது. "இந்தக் கழுதை யாரோடயும் ஒட்டாது, நம்ம மேனேஜர் மாதிரி" என்பாள்.

தம்பிக்கு நோய் வந்த அன்று அந்த வாய் அடங்கியது. தசையைத் தின்கிற நோய். காரணமான புரதத்தின் பெயரை டாக்டரின் சீட்டில் படித்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருஷத்துக்கு முன் அவளே மாதக்கணக்கில் சொட்டு விட்டுப் பார்த்த புரதம் அது.

நல்லகாலம் என்றே நினைத்தாள், பாவம். அந்தப் பழைய அளவுகளைக் கொடுத்துத்தான் அப்போது ஆய்வகத்தில் ஒரு செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். எது ஒட்டியது, எது ஒட்டவில்லை என்று கற்றுக்கொண்டு, யாரும் தொட்டே பார்க்காத இருபது லட்சம் மூலக்கூறுகளில் எது ஒட்டும் என்று அது வரிசை போடும். முதல் ஐம்பதைச் சோதிப்பது சொட்டக்காவின் பொறுப்பு.

ஐம்பதும் ஒட்டவில்லை. அடுத்த ஐம்பதும் கைவிரித்தது. இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. தம்பி முதலில் கைத்தடிக்கு வந்தான், பிறகு சக்கர நாற்காலிக்கு, பிறகு மூச்சு முகமூடிக்கு. தினமும் சாயங்காலம் ஒரே கேள்வி.

"ஏதாவது ஒட்டுச்சாக்கா?"

"இன்னிக்கு இல்லடா."

ஒருநாள் இயந்திரத்தைப் பழக்குகிறவர் மடிக்கணினியோடு அவள் மேஜைக்கு வந்தார்.

"அக்கா, இந்த ஒரு குடும்பத்துல நாப்பத்தோரு மூலக்கூறு. அத்தனையும் சைபர். ஒண்ணுகூடவா லேசா ஒட்டல? இதுங்க சாயல்ல எது வந்தாலும் மெஷின் அடியில தள்ளிடுது."

திரையில் அந்த அளவுகளின் தேதியைப் பார்த்தாள். அன்றைக்குப் பாதியிலேயே புரதம் தீர்ந்துபோயிருந்தது. கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி வாங்கிக்கொள்ளாது, சிவப்பு எழுத்தில் அடம்பிடிக்கும். அதற்காக மீதிக் கட்டங்களில் சைபர் போட்டு வைத்திருந்தாள். எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். கூட வேலை செய்கிறவர்களுக்கு அது 'பார்க்கவில்லை' என்று தெரியும். இயந்திரத்துக்கு யார் சொன்னது?

"அதெல்லாம் நான் பாக்கவே இல்ல சார்" என்றாள். அவர் மடிக்கணினியை மூடினார்.

மறுவாரம் நாற்பத்தொன்றையும் சோதித்தாள். பன்னிரண்டாவது கெட்டியாக ஒட்டியது. நம்பாமல் மூன்று தடவை திரும்பச் செய்தாள். மூன்று தடவையும் ஒட்டியது. அது மருந்தாக இன்னும் எட்டு, பத்து வருஷம் ஆகும். அன்றே பார்த்திருந்தால் இந்நேரம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தம்பிக்கு டாக்டர் சொன்ன கெடு இந்த வருஷக் கடைசி. கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தன் கையைத் தானே கடித்துக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் தம்பி கண்ணைக் காட்டினான். அவள் முகமூடியை நகர்த்திப் பிடித்தாள்.

"ஒட்டுச்சாக்கா?"

"இல்லடா. சைபர்தான்."

"விடுக்கா. நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்."