வெயில் நின்றுபோன கொல்லை

நெல்லித்தோப்பில் ஒரு சந்துக்குள் இருக்கிறது ஹேமலதாவின் வீடு. பின்னால் எட்டடிக்குப் பன்னிரண்டடி கொல்லை. பக்கத்து மனைக்காரர் நான்கு மாடி எழுப்பிய வருடத்தோடு அங்கே வெயில் நின்றுபோனது. முதலில் ரோஜா பட்டுப்போனது, அப்புறம் அடுக்குமல்லி, கடைசியில் துளசியும்.

அதே வருடம்தான் அவள் கணவன் புருஷோத்தமனுக்குப் பக்கவாதம் வந்தது. இருபத்தாறு வருடம் சென்னைக்கு பஸ் ஓட்டியவன். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சில் இரண்டொரு சொல்தான் மிச்சம். வேறு வழியில்லாமல் தெருப்பக்கத்து அறையை செல்போன் கடைக்கு வாடகைக்கு விட்டாள். அவனுடைய கட்டில் பின்னறைக்குப் போனது. சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அவள் சேதராப்பட்டில் சோப்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுவாள். எதிர்வீட்டு நிர்மலா மத்தியானம் வந்து சோறு ஊட்டிவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் அவன் அந்தச் சுவரைப் பார்த்தபடி கிடப்பான்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில், கூட வேலை செய்யும் பெண் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஜப்பான்காரர் வீட்டு முற்றம். பூவே இல்லை. கல், பாசி, பெரணி, சுவரோரம் நாலு மூங்கில். வெயில் எட்டாத இடத்துக்கென்றே வைத்த தோட்டமாம். ஹேமலதா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் அவனை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, கட்டிலில் தானே படுத்துச் சன்னல் வழியாகப் பார்த்தாள். இடுப்பளவுக்குக் கீழே இருப்பது எதுவும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலாப்பட்டுக்கு பஸ் ஏறினாள். அங்கே நர்சரி வைத்திருந்த அன்னக்கிளியிடம் வீடியோவில் பார்த்த சிவப்பிலை மரத்தைத்தான் முதலில் கேட்டாள்.

"அது குளிர் ஊரு மரம்க்கா. இங்க சித்திரை தாண்டாது. ஒங்க எடத்துல வெயிலு எவ்ளோ நேரம் வுழும்?"

"வுழவே வுழாது."

"தண்ணி?"

"போர் தண்ணிதான். கொஞ்சம் உப்பு கரிக்கும்."

அன்னக்கிளி உதட்டைப் பிதுக்கினாள். "பெரணி உப்பு தாங்காதுக்கா. சொல்லிட்டேன்."

ஆனாலும் ஹேமலதா பெரணி வாங்கினாள். உயரமாக நிற்கட்டும் என்று மூங்கில் வாங்கினாள். துவைக்கிற கல்லை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் நிழலிலேயே வளரும் பீஸ் லில்லிச் செடித் தொட்டியை ஏற்றினாள். ஐப்பசி மழையில் தெருமுனைச் சுவரில் பிடித்திருந்த பாசியைத் தோசைத்திருப்பியால் சுரண்டி வந்து கல்லைச் சுற்றிப் பதித்தாள். கார்த்திகையில் கொல்லை பச்சைப்பசேல் என்றாகிவிட்டது. அவளுக்கே நம்ப முடியவில்லை.

அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொல்லை வாசற்படி வரைக்கும் தள்ளி வந்தாள்.

"எப்டி இருக்குதுங்க?"

வெகுநேரம் பார்த்தான். பிறகு இடதுகையைத் தூக்கி, வீட்டின் முன்பக்கத்தைக் காட்டினான்.

"ரோ...டு."

"என்னாங்க?"

"ரோடு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம். "அந்தாண்ட கடை இருக்குதுங்க" என்றாள் மெதுவாக. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

சாயங்காலத்தில் ஒரு மணி நேரமாவது அவனைக் கடை வாசலில் உட்காரவைக்கலாமா என்று கடைக்காரன் முகிலனைக் கேட்டாள். "கஸ்டமர் நிக்கவே எடமில்லக்கா" என்றான். பொய்யில்லை. சந்து முழுக்க பைக்குகள்.

தோட்டத்தை அவள் விடவில்லை. மாசி பிறந்ததும் பெரணியின் ஓரம் கருகத் தொடங்கியது. பாசி பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஊற்றுகிற தண்ணீர்தான் கொல்கிறது என்று தெரிந்தே ஊற்றினாள். குழாய்த் தண்ணீர் குடிக்கவே காணாது. அன்னக்கிளிக்கு போன் போட்டதற்கு, "மழத்தண்ணி புடிச்சி வச்சிருந்தா ஊத்துங்கக்கா" என்றாள். பங்குனியில் மழைத்தண்ணீருக்கு எங்கே போவது?

சித்திரையில் ஒருநாள் வேலை விட்டு வந்தபோது பின்னறைச் சன்னல் சாத்தியிருந்தது.

"நீயா சாத்துன?" என்று நிர்மலாவிடம் கேட்டாள்.

"அவருதான் கைய காட்னாரு."

அவன் உள்சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தான். ஹேமலதா முகம் கழுவிவிட்டு வந்து, அவனைப் புரட்டிப் போட்டு முதுகைத் துடைத்துவிட்டாள். அப்புறம் உலை வைக்கப் போனாள்.