இருமச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன்

உலகத்தில் எல்லா வைத்தியர்களும் இருமலை நிறுத்தப் பாடுபடுகிறார்கள். மாட்டேன் என்கிறவர்களை இருமவைப்பதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் நான் பிசியோதெரபிஸ்ட். எழுபதுகளின் தொடக்கம். சுவருக்குச் சுவர் கறுப்பு சிவப்பு, வரப்புக்கு வரப்பு செங்கொடி. அறுவடை வந்துவிட்டால் எங்கள் வார்டு முறிந்த விலா எலும்புகளால் நிரம்பிவிடும். உங்களில் யாராவது விலா முறிந்து படுத்தவராக இருந்தால் நான் சொல்வது உடனே புரியும். தயவுசெய்து சிரிக்காமல் படியுங்கள், வலிக்கும்.

அடிபம்பும் வாளியும்

நெஞ்சுக்கூடு என்றதும் நாம் ஏதோ அசையாத பெட்டி என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஓயாமல் ஆடுகிற சாமான். ஒவ்வொரு விலா எலும்பும் பின்னால் முதுகெலும்போடு மூட்டுப் போட்டிருக்கிறது. முன்னால் பெரும்பாலானவை குருத்தெலும்பு வழியாக மார்பெலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மூச்சை இழுத்தால் மார்பெலும்பு அடிபம்புக் கைப்பிடி மாதிரி எழும்பும்; பக்கத்து விலாக்கள் வாளிக் கைப்பிடி மாதிரி தூக்கிக்கொடுக்கும். விலாவுக்கும் விலாவுக்கும் நடுவே இருக்கிற தசைகளுக்கு நாம் தூங்கும்போதுகூட லீவு கிடையாது. நான் படித்ததிலேயே எனக்குப் பிடித்த பாடம் இதுதான்.

கை முறிந்தால் கட்டுப் போட்டு ஆடாமல் வைக்கலாம். விலா முறிந்தால் மூச்சை நிறுத்தி வைக்க முடியுமா? அதனால் நோயாளி தானாகவே ஒரு தந்திரம் கண்டுபிடிப்பார். அரை மூச்சு விடுவார், இருமலை விழுங்குவார். சளி உள்ளே தங்கும், காய்ச்சல் வரும், ஆளையே கொண்டுபோய்விடும். அதைத் தடுக்கத்தான் நான். பஸ் படிக்கட்டிலிருந்து விழுந்து வந்த ஒரு கண்டக்டரிடம் இதையெல்லாம் பொறுமையாக விளக்கிவிட்டு, "எங்கே, நல்லா இருமுங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் சார், எலும்பு ஒடஞ்சதும் போதாதுன்னு இருமல் வேற கத்துக்கணுமா?"

வைக்கோல் தலையணை

மாரிமுத்து வந்தது சம்பா அறுப்பின்போது. வெளியூர் ஆட்களை வயலில் இறக்கக் கூடாது என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் மறித்ததில் தகராறு. தடியடியில் அவருக்கு இடது பக்கம் வரிசையாக மூன்று விலா போயிருந்தது. நடவு, அறுப்பு, கட்டுத் தூக்குதல் என்று வளர்ந்த நெஞ்சு, தசையெல்லாம் வடம் வடமாக இருந்தது. அத்தனை பலமிருந்தும் மூச்சை மட்டும் சொட்டுச் சொட்டாகத்தான் இழுத்தார்.

இருமும்போது முறிந்த இடத்தில் தலையணையை வைத்து அழுத்திக்கொண்டால் வலி பாதியாகும். ஆஸ்பத்திரித் தலையணை துண்டு மாதிரி தட்டையாக இருந்தது. மாரிமுத்துவின் மனைவி செல்லம்மா வீட்டுக்குப் போய், சாக்கில் வைக்கோல் திணித்துத் தைத்த தலையணை ஒன்றைக் கொண்டுவந்தாள். இருமாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். தலையணையைப் புருஷன் நெஞ்சில் வைத்தாள்.

"வலிச்சா வலிச்சிட்டுப் போவுது சார். வலி ஆளத் தின்னுடாது, சளிதானே திங்கும்?"

பக்கத்துக் கட்டில்

அப்படியும் அவர் இருமவில்லை. செருமுவார், துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார், அவ்வளவுதான். காய்ச்சல் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. என்ன பயிற்சி கொடுத்தும் பலனில்லாமல் எனக்கே என் படிப்பின் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் வைத்திலிங்கம். அதே ஊர் மிராசுதார். தகராறு என்று கேள்விப்பட்டு மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தவர், மதகுத் திருப்பத்தில் கவிழ்ந்து, வலது பக்கம் இரண்டு விலாவை முறித்துக்கொண்டார். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டது யாருடைய சதியும் இல்லை. வேறு கட்டில் இல்லை. அதே தடியடியில் அடிபட்ட சங்கத்து ஆட்கள் பலர் தரையில் பாயில் கிடந்தார்கள்.

ஒரு காலை மிராசுதாரை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் கதவைத் தாண்டியதுதான் தாமதம், மாரிமுத்து துண்டை எடுத்துவிட்டு இருமினார். மிராசுதார் திரும்பி வந்ததும் துண்டு மறுபடி வாய்க்கு ஏறியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிறந்ததிலிருந்து ஆண்டை முன்னால் சத்தமாக இருமியறியாத மனிதர் அவர். "வயலில் அவரையே எதிர்த்து நின்றீர்களே, இப்போது என்ன?" என்று காதோரம் கேட்டேன்.

"நூறு பேரோட நின்னு கத்துறது வேற சார். ஒத்தையாப் படுத்துக்கிட்டு அவரு மூஞ்சிக்கு நேரா இருமுறது வேற."

மிராசுதாரின் மூச்சு

மிராசுதார் மட்டும் ஒழுங்கா என்றால், அவரும் இருமவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு மேற்கூரையைப் பார்த்தபடி கிடப்பார். வலியில் கண் கலங்கினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். இரண்டு பேருடைய நெஞ்சிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த சர்ஜன், "ரெண்டு பேருக்கும் அடியில களகளன்னு கேக்குது. மாரிமுத்துக்குதான் ரொம்ப மோசம். இன்னிக்குச் சளி வரலேன்னா நான் பொறுப்பில்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"நீங்களாவது இருமக் கூடாதா?" என்று மிராசுதாரிடம் கெஞ்சினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இருமுனா கண்ணுல தண்ணி வருது தம்பி. அவன் பாத்துக்கிட்டு இருக்கான்."

எடுத்துக்கொடுத்தவர்

ஒத்தையாக இருமமுடியாது என்றுதானே மாரிமுத்து சொன்னார்? கூட்டத்தைச் சேர்த்துவிடலாம் என்று தோன்றியது. "ஊர்வலத்தில் உன் வீட்டுக்காரர் கோஷம் எடுத்துக்கொடுப்பவரா, திருப்பிச் சொல்பவரா?" என்று செல்லம்மாவைக் கேட்டேன். "எடுத்துக்கொடுக்கறவரு சார், நாலு வயலுக்குக் கேக்கும்" என்றாள். தரையில் கிடந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். நர்ஸம்மா வார்டுக்கு அந்தக் கோடியில் இருந்தார்கள்.

செல்லம்மா கட்டில் கால்மாட்டில் நின்று, வெட்கத்தோடு கையை அரைகுறையாக உயர்த்தி, "விவசாயத் தொழிலாளர் ஒற்றுமை" என்று கீரை விற்கிற குரலில் சொன்னாள். தரையிலிருந்து நாலைந்து பேர் "ஓங்குக" என்று முனகினார்கள். மாரிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "இப்புடியா எடுத்துக்கொடுப்ப?" என்று தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். மூச்சை இழுத்தார். வந்த நாளிலிருந்து நான் காணத் தவித்த காட்சி அது: மார்பெலும்பு எழும்பியது, விலாக்கள் விரிந்தன. "விவசாயத் தொழிலாளர் ஒற்றுமை!" வார்டு முழுக்க "ஓங்குக!" என்று இடித்தது. இரண்டாவது கோஷம் பாதியிலேயே இருமலாக உடைந்தது. இருமினார், இருமினார், குவளை நிறையத் துப்பினார். நர்ஸம்மா ஓடிவந்து என்னைத் திட்டியதெல்லாம் என் காதில் பன்னீர் தெளித்த மாதிரி இருந்தது.

எல்லோரும் ஓய்ந்த பிறகு பக்கத்துக் கட்டிலிலிருந்து, "மாரிமுத்து, அந்தத் தலையணையக் கொஞ்சம் குடு" என்று குரல் வந்தது. செல்லம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். வாங்கியவர் அதை மடியில் வைத்துக்கொண்டு தயங்கினார். மாரிமுத்து அவருக்கு நேராகத் திரும்பினார். துண்டு தோளிலேயே இருந்தது. 'ஆண்டே' என்ற சொல் அன்று அவர் வாயில் வரவில்லை.

"போன போகத்துல உங்க களத்துல அள்ளுன வைக்கோல்தான். நல்லா அழுத்திப் புடிச்சுக்கிட்டு இருமுங்க."

அடுத்த அறுப்பு

இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கேஸும் நடந்தது, சண்டையும் நடந்தது. ஆனால் சாக இருந்த ஒருவர் என் கண் முன்னால் மூச்சை இழுத்தாரே, அதற்காக அந்த வார்டுக்கும், தரையில் கிடந்து குரல் கொடுத்தவர்களுக்கும், திட்டிவிட்டு மேலே புகார் செய்யாத நர்ஸம்மாவுக்கும் நான் இன்றுவரை நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். நெஞ்சுக்கூட்டைப் பற்றிப் படித்தது ஒருநாளாவது ஒருவருக்கு உதவியது என்ற நிறைவு அவர்கள் கொடுத்தது.

அடுத்த குறுவை முற்றும் சமயம் செல்லம்மா வார்டுக்கு வந்தாள். புதிதாகத் தைத்த வைக்கோல் தலையணைகள் இரண்டை என் மேஜைமேல் வைத்தாள். "மாரிமுத்து நல்லாத்தானே இருக்கார், இது எதற்கு?" என்று பதறினேன்.

"அவரு நல்லாக் கத்திக்கிட்டுதான் இருக்காரு. அறுப்பு வருதுல்ல சார், ரெண்டு கட்சிக்கும் ஒண்ணொண்ணு இருக்கட்டும்."

கோஷம் போட்டு நாட்டில் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், இரண்டு நெஞ்சுக்குச் சளி இறங்கியது என்பதற்கு மட்டும் திட்டு வாங்கிய நான் சாட்சி.